நம் ஊர் வெக்கையில் நீர்த்தவளை வளர்ப்பது எப்படி?

மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் மீன் தொட்டி இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடானாலும் சரி, இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருப்பவர்களானாலும் சரி, கூடத்து மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் நாலு கப்பி மீனும் இருக்கும். இப்போது அந்தத் தொட்டிகளுக்குள் தவளையும் வந்து சேர்ந்திருக்கிறது. மீன் கடையிலும் சில நேரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிறார்கள். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும், நாமும் வாங்கிக் கொடுத்துவிடுவோம். பத்து நாளில் செத்து மிதக்கும். "தவளைக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று பிள்ளைக்குச் சமாதானம் சொல்வோம்.

அதன் ஆயுசு அவ்வளவு இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 5 ஆண்டும் அதற்கு மேலும் வாழும். சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: தயாராகாத தண்ணீர், தாங்க முடியாத சூடு. இணையத்தில் படிக்கக் கிடைக்கும் குறிப்புகள் அநேகமாகக் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. முதல் வேலையாக ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். பேராக்கில் மதிய வெயில் 33 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடுகிறது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான ஏற்பாடு. அதனால்தான் நம் வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தத் தவளை என்று பாருங்கள்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு இனம். இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை, இரண்டும் வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருப்பவை. குட்டியாக இருக்கும்போது ஒன்றுபோலவே தெரியும். ஆனால் வளர்ப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலாவது குள்ளத் தவளை. அறிவியல் பெயர் ஹைமெனோகைரஸ். காங்கோ ஆற்றுப் படுகை, கேமரூன், நைஜீரியா பகுதிகளில் நிழல் விழுந்த, ஓட்டம் குறைந்த நீர்நிலைகளில் வாழ்வது. முழுதாக வளர்ந்தாலும் 3 முதல் 4 சென்டிமீட்டர்தான். சாது. புதியவர்களுக்கு ஏற்றது இதுதான்.

இரண்டாவது நகத்தவளை, செனோபஸ் லீவிஸ். பெண் தவளை 10 சென்டிமீட்டரைத் தாண்டும், வாயில் நுழையும் எல்லாவற்றையும் விழுங்கும். கூட இருக்கும் மீனையும் விடாது, சின்னத் தவளையையும் விடாது. 15 ஆண்டுக்கு மேல் வாழும். 1930களிலிருந்து சில பத்தாண்டுகள் மருத்துவமனைகளில் கர்ப்பப் பரிசோதனைக்கு இந்தத் தவளையைத்தான் பயன்படுத்தினார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியாகப் போடுவார்கள், அது முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பம். அப்படி உலகம் முழுக்க அனுப்பப்பட்ட இனம் இது. வெள்ளையாக, சிவந்த கண்ணோடு விற்பதைப் பார்த்தால் அது நகத்தவளை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரரிடம் டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது முன்னங்கால். குள்ளத் தவளையின் முன்னங்கால் விரல்களுக்கு இடையே மெல்லிய சவ்வு இருக்கும், விரித்தால் சின்ன விசிறி மாதிரி தெரியும். நகத்தவளையின் முன்னங்கால் விரல்கள் சவ்வே இல்லாமல் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணையும் பாருங்கள். குள்ளத் தவளைக்குத் தலையின் இரு பக்கத்திலும், நகத்தவளைக்கு மேலே வானத்தைப் பார்த்தபடியும் இருக்கும். தவுக்கே (கடை முதலாளி) "இரண்டும் ஒன்றுதான்" என்று சொன்னாலும் உங்கள் கண்ணை நம்புங்கள்.

இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் கத்தும் தவளையையும் தேரையையும் பிடித்துத் தொட்டியில் விடாதீர்கள். அவற்றுக்கு ஏறி உட்காரத் தரை வேண்டும். நீந்தி நீந்திக் களைத்துச் செத்துப்போகும்.

தொட்டியை எங்கே வைப்பது

குள்ளத் தவளைக்குப் பிடித்த சூடு 24 முதல் 26 டிகிரி. 28ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் நாள்கணக்கில் நின்றால் சாப்பாடு குறையும், நோய் வரும். சூடு ஏறஏறத் தண்ணீரில் உள்ள அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, தொட்டி வாங்கும் முன்பே வீட்டில் குளிர்ச்சியான இடம் எது என்று தேடுங்கள்.

ஒரு தெர்மாமீட்டரை வாங்கி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, நீங்கள் நினைக்கும் இடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். காலை, மதியம் மூன்று மணி, இரவு என்று எழுதி வையுங்கள். மேற்குப் பார்த்த சுவரோரம் வேண்டாம், மாலை வெயிலில் அந்தச் சுவர் இரவு வரைக்கும் சூட்டைக் கக்கும். தகரக் கூரை வீடுகளில் மேலே போகப்போகச் சூடு அதிகம், அதனால் அலமாரி மேல் வைக்காமல் தாழ்வான மேசையில், சிமெண்டுத் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். சன்னல் வெயில் நேராக விழக்கூடாது. டிவிக்குப் பக்கத்திலும் வேண்டாம், அதிர்வும் சத்தமும் தவளைக்கு ஆகாது.

அப்படியும் மதியம் 29, 30 என்று ஏறுகிறதா? சின்ன மேசைக் காற்றாடியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். 2, 3 டிகிரி இறங்கும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது அவ்வளவு இறங்காது, ஆனால் அப்போது வெக்கையும் குறைவுதான். காற்றாடி வைத்தால் தண்ணீர் தினமும் கொஞ்சம் குறையும், குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். கண்ணாடி மூடிக்குப் பதிலாக வலை மூடி போட்டால்தான் காற்று உள்ளே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மிகவும் சூடான நாளில், அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, மூடியை இறுக்கி மிதக்கவிடலாம். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி இறங்கியதும் எடுத்துவிடுங்கள். ஐஸ் கட்டியை அப்படியே கொட்டக்கூடாது. திடீரென்று குளிர்ந்தால் தவளைக்கு அதுவும் அதிர்ச்சிதான்.

தொட்டியும் உள்ளே போடுவதும்

கடைகளில் கிடைக்கும் இரண்டடித் தொட்டி, அதாவது 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம், மூன்று நான்கு குள்ளத் தவளைக்குப் போதும். தண்ணீரை 25 சென்டிமீட்டர் வரைக்கும் நிரப்பினால் 45 லிட்டர் வரும். உயரமான தொட்டி வேண்டவே வேண்டாம். இந்தத் தவளைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு கீழே போகும். ஆழம் அதிகமானால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது படாத பாடு படும். தண்ணீர்ப் பரப்புக்கும் மூடிக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விடுங்கள்.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோ வரைக்கும் வரும். ஆடும் மேசை தாங்காது.

மூடி கட்டாயம். குள்ளத் தவளை தாவுவதில் கெட்டிக்காரன். ஃபில்டர் குழாய் போகும் ஓட்டை போதும், வெளியே வந்துவிடும். தரையில் விழுந்தால் தோல் காய்ந்துவிடும், அதற்கு முன்பே எறும்பு மொய்த்துவிடும். கொசுவலைத் துண்டைத் தொட்டி விளிம்பில் இழுத்துக் கட்டி, குழாய் போகும் இடத்தில் பஞ்சுத் துண்டை அடைத்து வையுங்கள்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு சின்ன காற்றுப் பம்பும் போதும். தண்ணீரை வேகமாகத் தள்ளும் பெரிய ஃபில்டர் இந்தத் தவளைக்குத் தொல்லை. அதற்குத் தேங்கிய தண்ணீர்தான் பழக்கம்.

அடியில் மெல்லிய மணல் போடுங்கள், அல்லது எதுவுமே போடாதீர்கள். பட்டாணி அளவுக் கல் ஆபத்து: சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடும், கால் சிக்கிக்கொள்ளும். மறைவிடத்துக்குச் சின்ன மண்சட்டியை உடைத்துக் கவிழ்த்து வைக்கலாம். உடைந்த விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். எண்ணெய் ஊற்றாத புது அகல் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதன் வேலை சாப்பாட்டு நேரத்தில். ஜாவா பாசி, ஜாவா பெரணி, அனுபியாஸ் மூன்றும் அதிக வெளிச்சம் கேட்காத செடிகள். செடி அடர்ந்திருந்தால் தவளை பயப்படாமல் வெளியே வரும். சாலையோரம் கிடைக்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரத்தின் காய்ந்த சருகு ஒன்றிரண்டைக் கழுவிப் போடலாம், தண்ணீர் தேயிலைச் சாயத்துக்கு மாறும், தவளைக்கு அது இதம். ஆனால் பூச்சிமருந்து அடிக்காத இடத்துச் சருகாக இருக்கட்டும். தோட்டத்து ஓரம் களைக்கொல்லி தெளிக்கும் இடத்தில் பொறுக்கவே கூடாது.

தண்ணீர்: இங்கேதான் பொறுமை வேண்டும்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகத்தான் உள்ளே இழுக்கிறது. தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும் அது நேராக உடம்புக்குள் போகும். மீன் தாங்கும் பலவற்றைத் தவளை தாங்காமல் போவது இதனால்தான்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் சின்ன பாட்டில் தருவார்கள். குளோரின், குளோரமின் இரண்டையும் போக்கும் என்று பாட்டிலில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரிதான், குளோரமின் அப்படிப் போகாது. அதோடு நம் நாட்டில் வாளியில் தண்ணீர் திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சேமித்து வைக்கும் தண்ணீரை எப்போதும் இறுக மூடி வையுங்கள். கொசுப்புழுவுக்குப் போடும் ஆபேட் மணலை அந்த வாளியில் போடாதீர்கள்.

கூரையில் பிடிக்கும் மழைத்தண்ணீர் சுத்தமானது என்று நினைக்கத் தோன்றும். தகரக் கூரையிலிருந்து துத்தநாகம் கரைந்து வரும், அது தவளைக்கு விஷம். கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் அம்மோனியா, நைட்ரேட், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) மூன்றையும் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் அதிகம், சில இடங்களில் கிணற்று நீரில் சுண்ணாம்புச்சத்து தூக்கலாக இருக்கும். பிஎச் 6.5 முதல் 7.8 வரை இருந்தால் குள்ளத் தவளைக்குப் பிரச்சினை இல்லை.

அடுத்தது, யாரும் சொல்லித் தராத பகுதி. தொட்டியை நிரப்பிய அன்றைக்கே தவளையை விடக்கூடாது. தவளையின் கழிவும் மிச்சச் சாப்பாடும் அம்மோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் ஊற்றி, ஃபில்டரை ஓடவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை மீன் தீனி ஒரு சிட்டிகை போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வாரம் இரண்டு தடவை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் தெரியத் தொடங்கினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அப்புறம் தவளை வாங்கப் போங்கள்.

நோயில்லாத பழைய மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஸ்பாஞ்சை உங்கள் தண்ணீரில் பிழிந்து கொடுக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாள் நன்றாகக் குறையும். பிள்ளைகளுக்குத்தான் இந்தக் காத்திருப்பு கஷ்டம். சோதனைக் குழாயில் சொட்டு விடும் வேலையையும் நிறத்தை எழுதி வைக்கும் வேலையையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், ஆர்வத்தோடு செய்வார்கள்.

தவளையைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டு வருவது

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், குள்ளத் தவளை கூட்டமாக வாழ்வது. இரண்டோ மூன்றோ வாங்குங்கள். உடம்பு ஒட்டிப்போய், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருப்பது வேண்டாம். பஞ்சு ஒட்டியது போன்ற வெள்ளைத் திட்டு, சிவந்த கால், ஊதிப்போன வயிறு இருந்தாலும் வேண்டாம். அதே தொட்டியில் செத்த தவளை கிடந்தால் மற்றவை நன்றாகத் தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எப்போது வந்தது, என்ன சாப்பிடுகிறது என்று கேளுங்கள். முடிந்தால் கண்முன்னே ஒரு தடவை சாப்பாடு போடச் சொல்லுங்கள்.

ஈப்போவிலிருந்து வாங்கி வருவதானால் கார் வெயிலில் நிற்க விடாதீர்கள். மூடிய காரில் அந்தப் பிளாஸ்டிக் பை சூடாகிவிடும். பையில் காற்று நிறைய இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, பிறகு மெல்லிய வலையில் தவளையை மட்டும் எடுத்து உள்ளே விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

ஏற்கெனவே தவளை இருக்கும் தொட்டிக்குப் புதிது வாங்குகிறீர்கள் என்றால், ஒரு மாதமாவது வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள். கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் தவளை இனங்களையே உலகம் முழுக்க அழித்துக்கொண்டிருக்கிறது. வளர்ப்புத் தவளைகளிடமும் அது இருக்கலாம். ஒன்றுக்கு வந்தால் அந்தத் தொட்டியே போய்விடும்.

மீனோடு சேர்த்து வளர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தனியாக வளர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. மீன் வேகமாகச் சாப்பிட்டுவிடும், தவளைக்கு ஒன்றும் மிஞ்சாது. நியான் டெட்ரா, நத்தை போன்ற சாதுவான சின்ன உயிர்களோடு சமாளிக்கலாம். தங்கமீன், சிக்லிட், சண்டைமீன் கூடவே கூடாது.

சாப்பாடு

குள்ளத் தவளைக்குக் கண்பார்வை மந்தம், நாக்கும் கிடையாது. மோப்பத்தையும் தண்ணீர் அசைவையும் வைத்துத்தான் சாப்பாட்டைத் தேடும். அள்ளித் தூவினால் அது தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி அழுகிவிடும். இந்த இடத்தில்தான் அகல் விளக்கு. அதை எப்போதும் ஒரே மூலையில் வையுங்கள். உறைந்த ரத்தப்புழுக் கட்டி ஒன்றைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, நீளமான பிளாஸ்டிக் குழாயால் உறிஞ்சி, அகலுக்குள் மெதுவாக இறக்குங்கள். முதல் நாள்களில் சுற்றிச் சுற்றி வந்து திணறும். அப்புறம் குழாய் தண்ணீருக்குள் நுழைந்ததுமே ஓடி வந்து அகல் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு காத்திருக்கும். வாயைத் திறந்து படக்கென்று உறிஞ்சி, வெளியே தொங்கும் புழுவை முன்னங்கால்களால் மாறி மாறி உள்ளே திணிக்கும். சில நேரம் பக்கத்துத் தவளையின் காலையே கவ்விவிட்டு, புழு இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய நேரம் இது.

அளவு? ஒவ்வொரு தவளைக்கும் அதன் தலையளவு போதும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். கால் மணி நேரத்தில் சாப்பிடாமல் மிஞ்சியதை அதே குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ரத்தப்புழு மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் சத்து போதாது. உறைந்த ஆர்ட்டீமியா, டாஃப்னியா என்ற பொடி நீருயிர்களையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கடையில் உயிரோடு விற்கும் மெல்லிய சிவப்புப் புழு பெரும்பாலும் சாக்கடை நீரில் வளர்வது, அதைத் தவிர்ப்பது நல்லது. சோறு, ரொட்டி, கோழி இறைச்சி எதுவும் வேண்டாம். கொசுப்புழு தவளைக்கு விருந்துதான், ஆனால் அதற்காக வீட்டில் கொசுப்புழு வளர்க்கக்கூடாது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அது குற்றம். டிங்கி பரவும் ஊரில் அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் துரோகமும்கூட.

உறைந்த புழுவை ஐஸ் பெட்டியில் வைப்பதில் வீட்டுப் பெரியவர்கள் சங்கடப்படுவது இயல்பு. "ஐயோ, மாவு வைக்கிற இடத்துல புழுவா வைக்கிறே?" என்று பாட்டி கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இறுக மூடும் டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டி, தனித் தட்டில் வையுங்கள். அந்த டப்பாவும் குழாயும் வேறு எதற்கும் பயன்படக் கூடாது.

வாராவாரம் ஒரு வாளி

45 லிட்டர் தொட்டிக்கு வாரம் ஒரு தடவை 10 லிட்டர், அதாவது ஒரு வாளித் தண்ணீர் மாற்றினால் போதும். மணலின் மேல் கிடக்கும் கழிவோடு சேர்த்துக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் கலந்து, அதே சூட்டில் இருக்கும்படி பார்த்து ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை மாதம் ஒரு தடவை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா பெருமளவு செத்துப்போகும். மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கையைத் தண்ணீரில் விடும் முன் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தைலம், தேங்காய் எண்ணெய், கொசுவை விரட்டும் களிம்பு எதுவும் கையில் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இது உங்களுக்காக. தவளை நோயில்லாமல் இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைத் தொட்டிகளால் 200க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தத் தொற்று வந்தது, அதிகமும் சின்னப் பிள்ளைகள். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை தண்ணீரில் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகையும் மருந்தும்

இதை நம் நாட்டு ஆட்கள் தவிர வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. டிங்கி வந்த தாமானில் கொசு மருந்துப் புகை அடிப்பார்கள். கதவு சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், புகை வீட்டுக்குள் வரும். அதில் கலக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதருக்குப் பெரிய கெடுதல் செய்யாது, மீனுக்கும் தவளைக்கும் கொடிய விஷம். தவளையோ மேலே வந்து அந்தக் காற்றைத்தான் மூச்சிழுக்கிறது.

புகை அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் காற்றுப் பம்பை நிறுத்துங்கள். அது அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் கருவி. பிறகு ஈரத் துண்டால் தொட்டியை மூடி, அதன் மேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டுங்கள். மூன்று விரல் இடைவெளியில் இருக்கும் காற்று இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தாங்கும். புகை முழுக்கப் போனதும் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிரியுங்கள். அன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

கரப்பான் ஸ்பிரே, கொசுவர்த்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். சாம்பிராணி போடும் நேரம் பம்பை நிறுத்தி, துண்டு போட்டு மூடிவிட்டு, புகை அடங்கியதும் பம்பைத் திரும்பப் போடுங்கள்.

மின்சாரம் நின்றால் பதற வேண்டாம், தவளை காற்றைச் சுவாசிப்பதால் மூச்சுத் திணறாது. ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவுக்குத்தான் காற்று வேண்டும். மின்கலத்தில் ஓடும் சின்னப் பம்பு ஒன்று வைத்திருந்தால் போதும். தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த தவளை அத்தனை நாள் பட்டினி தாங்கும். தெரியாதவரிடம் தீனி போடச் சொல்லிவிட்டுப் போனால் அளவுக்கு மீறிப் போட்டு அழுக விடுவார், அதைவிடப் பட்டினி நல்லது.

எது நோய், எது நோயில்லை

தவளை சில நேரம் கையையும் காலையும் விரித்து, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றியோ, மேலே அசையாமல் மிதந்தோ கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அது ஓய்வு. தண்ணீரை லேசாக அசைத்தால் பாய்ந்து ஓடும். ஓரிரு வாரத்துக்கு ஒரு தடவை தோல் மெல்லிய வெள்ளைச் சவ்வாக உரியும், அதைத் தானே தின்றுவிடும். அதுவும் இயல்பு. இரவில் கொசு ரீங்கரிப்பது போல் தொட்டியிலிருந்து சத்தம் வந்தால் அது ஆண் தவளையின் பாட்டு. ஆணுக்கு முன்னங்காலின் பின்பக்கம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும், பெண் அதைவிடக் குண்டாக இருக்கும்.

கவலைப்பட வேண்டியவை வேறு. சாப்பாட்டைத் தொடர்ந்து தொடாமல் இருப்பது, தோல் நிற்காமல் துண்டு துண்டாக உரிவது, பந்து மாதிரி ஊதுவது, கீழே போக முடியாமல் தத்தளிப்பது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தத் தவளையைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் தண்ணீர் மாற்றுவதுதான் முதல் மருந்து. மீன் மருந்தை அப்படியே ஊற்றாதீர்கள். செம்பு, பார்மலின், மலாக்கைட் பச்சை கலந்தவை தவளையைக் கொன்றுவிடும். கால்நடை மருத்துவரிடம் போகும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, தவளை பார்ப்பாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆற்றில் விடாதீர்கள்

வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்காரரிடமோ வேறு யாரிடமோ கொடுங்கள். "பாவம், உயிரோடு போகட்டும்" என்று பலர் இரக்கத்தோடுதான் ஆற்றிலோ செம்பனைத் தோட்டத்துக் கால்வாயிலோ விடுகிறார்கள். அந்தத் தவளை பிழைப்பது சந்தேகம், அதன் தோலில் இருக்கும் நோய் நம் காட்டுத் தவளைகளுக்குப் போய்ச் சேரும். நகத்தவளை இப்படி வெளியேறித்தான் சிலி, பிரான்ஸ், கலிபோர்னியா நீர்நிலைகளில் பெருகி நிற்கிறது. செத்த தவளையையும் கழிப்பறையில் போடாமல், ஆறு கால்வாயிலிருந்து தள்ளி மண்ணில் புதையுங்கள். வாராவாரம் எடுக்கும் பழைய தண்ணீரையும் கால்வாயில் கொட்டாமல் பூந்தொட்டிகளுக்கு ஊற்றுங்கள். அதில் உள்ள நைட்ரேட் செடிக்கு உரம்தான்.